மூடிய சுரங்கமும் மூடாத கணக்கும்

பந்தல்குடிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் நிற்பவருக்குச் சுரங்கம் என்றதும் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம்தான் நினைவுக்கு வரும். எடுத்தது போக எஞ்சுவது குழி; மழை பெய்தால் அதில் நீர் நிற்கும்; ஆடுமாடு விழாமல் வேலி போட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். இந்த எண்ணத்தோடு கோலார் தங்கவயலுக்குச் செல்பவர் திகைத்துப் போவார். அங்கே எஞ்சியிருப்பது குழி மட்டுமன்று, குன்றுகள்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியது. அதன் ஆழங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தார்கள். மிஞ்சிய சேறு உலர்ந்து குன்றுகளாயிற்று. 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூடல் திட்டம் தந்த பிறகே சுரங்கத்தை மூடவேண்டும் என்ற விதியோ 2003இல்தான் வந்தது!

“சயனைடு வெயிலில் சிதைந்துவிடுமே, இனி என்ன ஆபத்து?” என்று கேட்கும் அறிவாளர் உண்டு. பாதி உண்மை, ஆகவேதான் அது தீங்கானது. கரைசலில் நின்ற சயனைட்டின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதையும் என்பது சரி. நுண்ணிய சிலிக்கா துகள் சிதையுமா? கந்தகம் கலந்த தாதுக்கழிவு காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்து நிலத்தடிக்கு இறக்கினால் அதை யார் தடுப்பது? சுரங்கத்தினுள் கல்தூசு தின்ற நுரையீரல்களை நாம் அறிவோம். அதே தூசு இன்று சுரங்கத்தின் படியில் கால்வைக்காத பேரக்குழந்தையின் வாசலுக்குக் காற்றில் வருகிறது.

ஒரு பருவத்தில், ஒரு புட்டியில் எடுத்த நீரைச் சோதித்து ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. நஞ்சு எங்கே இருக்கிறது, எவ்வழியே நகர்கிறது, யாரைச் சேர்கிறது என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்பதே மதிப்பீடு. நம் அலுவலகங்களோ முதற்கேள்வியோடு கோப்பைக் கட்டிவிடுகின்றன. (மூன்றாவது கேள்விக்கு ஏழையின் வீட்டுக்குள் போகவேண்டியிருக்கிறதே!)

சான்றிதழை நம்பியவர்களுக்குப் பிரேசில் நாட்டுப் புருமாடினோ ஒரு விடை தந்தது. அங்கிருந்த கழிவணை பயன்பாட்டில் இல்லாதது. உறுதியானது என்று முந்தைய ஆண்டே சான்று பெற்றது. 2019 ஜனவரி 25 அன்று அது உடைந்து, 270 பேர் மாண்டனர். கோலார் மேடுகள் அப்படி உடையும் என்று நான் சொல்லவில்லை. அவை வேறு வகை. அவற்றின் ஆபத்து இரைச்சலின்றி, பங்குனிக் காற்றில் வருவது. இரைச்சல் இல்லாததால்தான் செய்தித்தாளிலும் இல்லை.

2024 ஜூன் மாதம் இம்மேடுகளை ஏலம் விடும் நடுவண் அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மிஞ்சிய பொன்னை எடுக்கட்டும். வேலை கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் இறுகிய மேட்டைக் கிளறினால் புதுத்தூசு எழும். மறுபடி அரைத்த சேற்றைக் கொட்ட மறுபடி ஓர் இடம் வேண்டும். ஒரு டன்னில் எத்தனை கிராம் பொன் என்று நுணுகி அளப்பவர்கள், காற்றுக் காலத்தில் குழந்தையின் மூக்கு உயரத்தில் எவ்வளவு தூசு என்று அளந்தார்களா? மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளைப் பார்த்தார்களா? அந்த எண்கள் தமிழிலும் கன்னடத்திலும் தொழிலாளர் குடியிருப்பின் சுவரில் ஒட்டப்படட்டும். ஏல நிபந்தனைகளை அதன் பிறகு எழுதலாம்.