ஆசிரியரைச் சிறுபிள்ளையாக நடத்துவதா?

ஆலைக்குப் புதிதாக வந்தவர் ஸ்பின்னிங் இலாகாவில் அறுந்த இழையைப் பிணைக்க எப்படிக் கற்கிறார்? மிஷின் அருகே நின்று, அனுபவமுள்ள தோழரின் கையைப் பார்த்து, தானே செய்து, தவறித் திருத்திக் கற்கிறார். (கற்கும் காலத்தைச் சாக்கிட்டு முதலாளி கூலியில் கைவைப்பது வேறு கதை.) வயதுவந்தோர் கற்கும் வழி இதுதான். வேலையில் முட்டி நிற்கும் சிக்கலுக்கு விடை தேடியே அவர்கள் கற்கிறார்கள்; தம் அனுபவத்தை மதிப்பவருக்கே காது கொடுக்கிறார்கள்.

நம் குழந்தைகளுக்குப் போதிக்கும் ஆசிரியர்களுக்கு நடப்பதென்ன? 2019இல் மத்திய சர்க்கார் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பறைசாற்றி 'நிஷ்டா' திட்டத்தைத் துவக்கியது. டில்லியில் வகுத்த பாடம், பொறுக்கியெடுத்த சிலர் மூலமாக வட்டாரத்துக்கு இறங்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் லட்சணம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. 2020இல் கொரோனா வந்ததும் அதுவும் கைபேசித் திரைக்குள் போயிற்று. அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. ஆசிரியரின் விருப்பப்படி என்றும் காகிதத்தில் இருக்கிறது. ஒரே அறையில் மூன்று வகுப்புகளைச் சமாளிக்கும் கிராமத்து ஆசிரியையிடம், "உங்கள் கஷ்டம் என்ன?" என்று கேட்பவர் யார்?

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் துவங்கியபோது, கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் வாழ்க்கையைப் பேசியே பாடம் நடந்தது. அங்கே தொண்டாற்றியவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. கல்லுடைக்கும் பெண்ணை மதித்துக் கற்பித்தவரை, பயிற்சிக்கூடத்தில் வாய்மூடிக் குறிப்பெடுக்கச் சொல்வது அவமதிப்பு.

இந்தக் குற்றம் நம்மிடமும் உண்டு. நமது அரசியல் வகுப்புகளில் மூன்று மணி நேரம் நாமே பேசிவிட்டு, "சந்தேகம் உண்டா?" என்று கேட்கிறோம். தோழர்கள் மௌனமாக எழுந்து போகிறார்கள்.

பணக்காரன் பிள்ளைக்குப் பாடம் புரியாவிட்டால் டியூஷன் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த ஓர் ஆசிரியரை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே கோருகிறோம்: பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதந்தோறும் வேலைநாளிலேயே கூட வேண்டும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் நோட்டுகளை முன்னால் வைத்து விவாதிக்க வேண்டும். அன்று பள்ளிக்கு மாற்று ஆசிரியர் வர வேண்டும். ஆசிரியர் சங்கங்களைக் கலந்தே பயிற்சியை வகுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோராக அமர்ந்திருக்கும் நம் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்பித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.