மூங்கிலுக்குச் சாதி இல்லை, மேடைக்கு?

ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "புல்லாங்குழலுக்கு ஏதும்மா சாதி?" அரங்கமும் சிரித்தது. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

மூங்கிலுக்குச் சாதி இல்லை, ஐயா. நாகசுரம் கடைகிற ஆச்சா மரத்துக்கும் இல்லை. இரண்டையும் வாய் வைத்துத்தான் ஊதுகிறோம்; இரண்டிலும் எச்சில்தான் படுகிறது. பிறகு ஏன் குழல் கச்சேரி மேடையில் உட்கார்ந்தது, நாகசுரம் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் தெருவில் நடந்தது? நாகசுரம் திறந்தவெளிக் கருவி என்பீர்கள். சரி, வாசித்தவரை மேல்துண்டை இடுப்பில் கட்டச் சொன்னது எந்த ஒலியியல்?

குழலின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே வரிசைதான்: சரப சாஸ்திரி, பல்லடம் சஞ்சீவ ராவ், மாலி. மாலியின் மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு வரிசையும் இருக்கிறது. திருப்பாம்புரம் நாகசுரக் குடும்பத்தில் பிறந்து குழலைக் கையில் எடுத்தவர் சுவாமிநாத பிள்ளை. அவரிடம் சிறுவயதிலேயே கற்கச் சேர்ந்தவர் டி.விசுவநாதன் (1927–2002).

விசுவநாதன் வீணை தனம்மாளின் பேரன், பாலசரசுவதியின் தம்பி. பாட்டியிடமிருந்து மகளுக்கும் பேத்திக்கும் இசை இறங்கி வந்த வீடு அது. பதத்தைச் சொல் சிதையாமல், அவசரமில்லாமல் பாடுவது அந்த வீட்டு வழக்கம். அதனால்தான் அவர் மேடையில் குழலை இறக்கிவிட்டு வரியைப் பாடுவார், மறுபடி ஊதுவார். 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவர். பிறகு அமெரிக்கா. 1975இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனை குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார்.

"1953இல் குருவுக்கும் 1988இல் சீடருக்கும் சங்கீத கலாநிதி கொடுத்தாயிற்றே, சாதி எங்கே?" என்பார்கள். விருது தனிமனிதருக்குப் போனது. கலை யார் கைக்குப் போனது? பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு வெற்றி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போராடியது அதற்காகத்தான். அதில் சமரசம் கிடையாது. ஆனால் அந்தப் பெண்களை இழிவென்று ஒதுக்கிய அதே பார்ப்பனியம், அவர்களின் பதத்தையும் சதிரையும் மட்டும் 'தூய்மைப்படுத்தி' எடுத்துக்கொண்டது. பாட்டு சபா ஏறியது. பாடிய குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியே நின்றன.

இசை வேளாளரோடு நாமும் நிறுத்திக்கொண்டால் இது அரை நியாயம். நாகசுரம் கோயிலுக்குள் போனபோது பறையைச் சேரியிலும் சாவு வீட்டிலும் நிறுத்தினார்கள். அந்த விலக்கலில் இடைநிலைச் சாதிகளுக்கும் பங்கு உண்டு. பறைக் கலைஞருக்கு இன்றுவரை சங்கீத கலாநிதி கிடையாது.

இசைக் கல்லூரிப் பாடத்தில் திருப்பாம்புரத்துக்கு உரிய இடம் கொடுங்கள். பறையை 'நாட்டுப்புறக் கலை' என்று தனி அறையில் அடைக்காமல், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிற அதே வகுப்பில், அதே சம்பளத்துக்கு, பறையடிக்கும் குடும்பத்திலிருந்து வருகிறவரை ஆசிரியராக அமர்த்துங்கள். அதன்பிறகு கேளுங்கள் ஐயா, குழலுக்கு ஏது சாதி என்று. நானும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறேன்.