சம்பூரில் உள்ள கம்பனி யாருடையது?

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் பாதை உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். அங்கே மின்நிலையம் வரப்போகிறது என்ற பேச்சும் ஏறத்தாழ இருபது வருடங்களாக நம் காதில் விழுகிறது. முதலில் நிலக்கரி என்றார்கள், பிறகு சூரிய ஒளி என்றார்கள். "கட்டுவது அரசாங்கமா, இந்தியாவா, கம்பனியா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மூன்றிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை!

2011ஆம் ஆண்டு இலங்கை மின்சார சபையும் இந்திய அரசின் என்.டி.பி.சி. நிறுவனமும் பாதிக்குப் பாதி பங்கு போட்டுத் 'திருகோணமலை பவர் கம்பனி'யைப் பதிவு செய்தன. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டவென்றே பிறந்த கம்பனி அது. இப்படி ஒரு காரியத்துக்கென்று தனிக் கம்பனி அமைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சட்டத்தின் கண்ணில் கம்பனி ஒரு தனி ஆள். கடனும் வழக்கும் அதன் பெயரிலேயே வரும். நஷ்டப்பட்டால் பங்காளிகள் போட்ட பணத்தோடு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைக் கடனில் வீட்டு உறுதியை மாட்டாமல் வைப்பது போலத்தான். (பிணை நின்றிருந்தால் கதை வேறு.)

காணியின் கதை இன்னும் நீளம். 2006இல் யுத்தத்தால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் நாமும் மூட்டை கட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனவர்கள்தானே! 2007இல் அங்கே உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. பிறகு முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயம். 2015இல் 818 ஏக்கருக்கான வர்த்தமானி அறிவித்தல் இரத்தானது, மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. நிலக்கரி போனாலும் கம்பனி போகவில்லை. 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்ட 120 மெகாவாட் சூரிய மின் திட்டமும் அதே கம்பனியுடையதுதான்.

இத்தனை பேர் கைபட்ட விஷயத்தில் ஒரு கேள்வியோடு போனால் என்ன நடக்கும்? செயலகம் சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும், கம்பனியோ "நாங்கள் தனியார்" என்று சொல்லிப் பார்க்கும். இங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது. அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதமாவது பங்கு வைத்திருக்கும் கம்பனியும் அச்சட்டத்தின்படி பகிரங்க அதிகாரசபையே. பாதிப் பங்கு அரச கையில் உள்ள கம்பனி இதற்குத் தப்ப முடியாது. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கத்தில் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளையின் பெயருக்கே எழுதப்படுவதால் இது உங்கள் விஷயம். பொதுத் தேவைக்குக் காணி எடுப்பதானால் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டப்படி மும்மொழியிலும் அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபிக்கத் தவணை தர வேண்டும். அவசரமென்று முந்தியே கைப்பற்றும் பிரிவும் அதிலேயே உண்டு. ஆகவே உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

எழுதத் தெரியாத மூத்த சகோதரிகள் தயங்க வேண்டாம். தகவல் உத்தியோகத்தரிடம் வாயால் கேட்டாலே போதும், அதை எழுத்தில் பதிந்துகொள்வது அவருடைய கடமை. விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை மட்டும் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.