மணம் யாரிடம் இருக்கிறது?

சில மாதங்களாக எங்களுக்கு வரும் சிறுகதைகளில் ஃபெரோமோன் என்ற சொல் அடிக்கடி தட்டுப்படுகிறது. பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரும் ஒருத்தியின் வாசனையில் நாயகன் மதி கலங்குகிறான். அவள் யார், எந்த ஊர் என்று தெரிவதற்குள் காதல் முடிவாகிவிடுகிறது. ஏன் என்று கேட்டால், எல்லாம் வேதியியல் என்கிறது கதை. முன்பு தலையெழுத்து செய்த வேலையை இப்போது மூலக்கூறு செய்கிறது. எழுதுகிறவர்கள் இளையவர்கள், அறிவியலை ஆசையாகப் படிக்கிறவர்கள். அந்த ஆசையை மதித்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஃபெரோமோன் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கிற பருவத்தில் பாருங்கள்: குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் புனல், அதன் கீழே தொங்கும் பாலித்தீன் பை. இனக்கவர்ச்சிப் பொறி. உள்ளே சிறு ரப்பர் துண்டில் பெண் அந்துப்பூச்சியின் மணத்தைச் செயற்கையாக ஏற்றி வைத்திருப்பார்கள். ஆண் பூச்சி இருட்டில் அதைத் தேடி வந்து பைக்குள் விழும். காலையில் சம்சாரி பையில் விழுந்ததை எண்ணிப் பார்த்து, மருந்தடிக்க வேண்டுமா என்று முடிவு செய்வார். பருத்தியில் பச்சைக் காய்ப்புழுவுக்கு எக்டேருக்கு 12 பொறி என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 2018இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்த பிறகு, இந்தப் பொறியைப் பற்றிக் கேள்விப்படாத சம்சாரி இங்கே அரிது.

இந்தப் பொறிக்குப் பின்னால் பெரும் உழைப்பு இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டனாண்ட் ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்து, 1959இல் அதன் வேதியமைப்பைச் சொன்னார். ஃபெரோமோன் என்ற பெயரும் அதே ஆண்டில்தான் பிறந்தது. வைத்தவர்கள் கார்ல்சன், லூஷர் என்ற இருவர். நம் பருத்தியைத் துளைக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மணம் இரண்டு மூலக்கூறுகளின் ஏறக்குறையச் சரிபாதிக் கலவை. விகிதம் பிசகினால் ஈர்ப்புக் குறைந்துவிடும். யானை கதை இன்னும் வியப்பானது. பெண் ஆசிய யானை இணைசேரும் காலத்தில் சிறுநீரில் விடும் மூலக்கூறும், நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் துணை தேடப் பயன்படுத்தும் மூலக்கூறும் ஒன்றுதான் என்று 1996இல் ராஸ்முசென் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நம் மாவட்டத்தின் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் திரியும் யானைக்கும் அதே மூலக்கூறுதான்.

மனிதருக்கு? இதுவரை ஒன்றும் உறுதிப்படவில்லை. கதை எழுதுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் ‘மனித ஃபெரோமோன்’ என்று விற்கப்படும் பொருள்களின் மூலக்கதை 1991இல் பாரிஸில் நடந்த ஒரு மாநாட்டில் தொடங்குகிறது. மாநாட்டுக்குப் பணம் கொடுத்தது வணிக ஆர்வம் கொண்ட ஒரு நிறுவனம். அங்கே இரண்டு ஸ்டீராய்டுகள் முன்வைக்கப்பட்டன. அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், மனித உடலிலிருந்து எப்படிப் பிரித்துச் சோதித்தார்கள் என்ற விவரம் இல்லை. அதன்பின் எத்தனையோ ஆய்வுகள் அதே இரண்டையும் சுற்றி வந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வயாட் 2015இல் இதையெல்லாம் அடுக்கிக் காட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதினார். எங்கே தொடங்கலாம் என்பதற்கு அவர் காட்டிய இடம் காதலர்களின் அக்குள் அல்ல, தாயின் முலைக்காம்பு. அதைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் கசிவை முகரும் பச்சிளம் குழந்தைகள் வாயைச் சப்புகின்றன என்பதை 2009இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த ஒரு கதையும் அந்தப் பக்கம் போகவில்லை.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் காதலன் கேட்பது வண்டிடம். மணத்தால் வாழும் உயிரிடமே மணத்தைப் பற்றிக் கேட்கிறான். அந்தப் பாட்டை வைத்து எழுந்த திருவிளையாடல் கதையில், பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று வழக்கு நடக்கிறது. நக்கீரர் இல்லை என்கிறார், இறைவன் உண்டு என்கிறார். இருவரும் கூந்தலைப் பற்றியே பேசினார்கள். முகர்கிறவனின் மூக்கை யாரும் சபைக்கு அழைக்கவில்லை.

அழைத்திருக்க வேண்டும். வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது மூத்திர நாற்றம், சிலருக்கு இனிப்பு மணம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. முகர்கிறவரின் ஒரே ஒரு ஏற்பி மரபணுவில் உள்ள வேறுபாட்டுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று 2007இல் காட்டினார்கள். அக்குளில் சுரக்கும் வியர்வைக்குச் சுரக்கும்போது அநேகமாக மணமே கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகே வாசனை பிறக்கிறது. ஆக, காதலியின் மணம் என்று ஒருவன் சொல்வதில் பாதி பாக்டீரியாவுடையது, பாதி அவனுடையது.

அவன் மூக்கும் பிறவியோடு முடிந்ததல்ல. மதுரை மல்லியின் மணத்தில் இண்டோல் இருக்கிறது. அதே இண்டோல் மலத்திலும் இருக்கிறது. தவழும் குழந்தைக்கு மலத்தின் மீது அருவருப்புக் கிடையாது, நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படித்தான் சாதியும் மூக்குக்குப் பாடம் நடத்துகிறது. கரிமூட்டம் போடுகிறவர் உடம்பில் சீமைக்கருவேலம் புகை, பாவுக்குக் கஞ்சி போடுகிறவர் கையில் புளித்த வாடை, தோலோடும் சாக்கடையோடும் வேலை செய்ய வைக்கப்பட்டவர்கள் மேல் ஊர் சுமத்தும் நாற்றம். இவற்றில் எது மணம், எது வீச்சம் என்று தீர்ப்புச் சொல்வது வேதியியல் அல்ல. சாதி தாண்டிக் காதலிக்கிற ஒரு பெண், பிள்ளைப் பிராயத்திலிருந்து தன் மூக்குக்குப் புகட்டப்பட்டதைக் கடந்து வருகிறாள். அதற்குத் துணிச்சல் வேண்டும், உயிரையே பணயம் வைக்க வேண்டும். அவளை மூலக்கூறு இழுத்துப் போனதாக எழுதினால், அவள் எடுத்த முடிவை அவளிடமிருந்து பறிக்கிறோம். பொறியில் விழும் ஆண் பூச்சிக்கு முடிவெடுக்க ஒன்றுமில்லை. அதனால் அதற்குக் கதையும் இல்லை.

அறிவியலை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் குழப்பங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். 1995இல் சுவிட்சர்லாந்தில் கிளாஸ் வெடகிண்ட் 44 ஆண்களை இரண்டு இரவு ஒரே டி-ஷர்ட்டோடு தூங்கவைத்தார். அவற்றை முகர்ந்த பெண்களுக்கு, தங்களிடமிருந்து வேறுபட்ட நோயெதிர்ப்பு மரபணு உள்ள ஆண்களின் வாசனை கூடுதலாகப் பிடித்தது. கருத்தடை மாத்திரை எடுத்தவர்களிடம் முடிவு தலைகீழ். 2002இல் சிகாகோவில் நடந்த ஆய்வோ, தந்தை வழியாக வந்த மரபணுக்களோடு ஓரளவு ஒத்துப்போகும் ஆண்களின் மணத்தைப் பெண்கள் விரும்பினார்கள் என்றது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஒருமுகமாகப் பேசவில்லை.

இதை எங்கள் ஊரில் கொண்டுவந்து வையுங்கள். அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று முறை பார்த்துப் பெண் கொடுக்கும் ஊர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அத்தை மகனிடம் இருப்பது அப்பாவின் வழி. ஒரே களத்தில் புரண்டு, ஒரே பானைக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த அந்த அத்தை மகனைக் கல்யாணத்தன்று இரவு புதிதாக முகர்கிற பெண்ணுக்கு என்ன தோன்றும்? வெறுப்பா, பாதுகாப்பா, அப்பாவின் துண்டு வாசனையா? எந்த ஆய்வகமும் இதற்குப் பதில் தராது. கதை தரலாம்.

கரிசலுக்கு இதை எழுதும் தெம்பு உண்டு. கி. ராஜநாராயணன் நாட்டுப்புறத்தின் பாலியல் கதைகளைக் கூச்சமின்றித் தொகுத்துத் தந்தவர். மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், ‘சஞ்சாரம்’ நாவலில் இந்த மண்ணின் நாதஸ்வரக்காரர்களைக் காது கொடுத்துக் கேட்டார். மூக்கை நம்பி எழுதப்பட்ட அப்படி ஒரு பெரிய படைப்பு இன்னும் வர வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில் மணம் சார்ந்த கதைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்குகிறோம். பெண்கள் எழுதுவதை முதலில் படிப்போம். இதுவரை வந்தவற்றில் முகர்ந்தவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருந்தார்கள். பக்க வரம்பு இல்லை. எழுதி அனுப்புங்கள்.