மலைமாட்டுக்கு மட்டும் ஏன் கதவடைப்பு?



"மலைமாடு மேய்ப்பவர்கள் காட்டை அழிக்கிறார்கள், அவர்களை விரட்டினால்தான் புலி பிழைக்கும்" என்று நம் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத்தில் மலைமாடு வளர்ப்பது பாலுக்காக அல்ல. அது கறக்கும் பால் கன்றுக்கே சரியாகப் போகும். அதன் வருமானம் சாணம். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி கிடை அமர்த்தினால் மண்ணுக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி. வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மாட்டுக்கு மலையை விட்டால் போக்கிடம் இல்லை. வயலும் காடும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். ஒன்றை அடைத்தால் மற்றதும் போச்சு.

அடைத்தது யார்? 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட சென்னை வனச் சட்டத்தில் ஆரம்பித்தது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 1,016 சதுர கிலோமீட்டர். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அதனால் நமக்கு என்ன லாபம்? நம் மலையின் பெரும்பகுதி காப்பகத்துக்குள்தானே இருக்கிறது!

கோமாரி நோய் மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குப் பரவும் என்கிறார்கள். உண்மைதான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஊசி போட்ட மாட்டை எண்ணி, இடமும் மாதமும் குறித்து அனுப்பலாமே. அது நிர்வாகம். ஒட்டுமொத்தத் தடை சோம்பேறித்தனம்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே சொல்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கிடையோடு ஊர் ஊராக நடந்தவரிடம் 75 வருஷக் காகிதம் கேட்டால் எங்கே போவார்?

ஆண்டாள் தன் ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்துத் திருப்பாவை பாடிய மண் இது. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிப் பெருமைப்படுகிறோம். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக நாட்டு மாடு நாட்டு மாடு என்று தெருவுக்கு வந்தோம். மேய்க்கிறவர் மட்டும் நமக்குக் குற்றவாளியா?

வக்கீலாகவும் அரசு வேலையிலும் இருக்கும் என் பிள்ளைகளே, அந்தச் சட்டத்தின் விதிகள் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. அடிவாரத்து முதியவர்கள் இருக்கும்போதே போய் எழுதி வாங்கி, கிராம சபையில் கொடுங்கள். செய்தியைப் பகிர்வதை விட அது பெரிய வேலை.