சீவிய உரித்தும் பின்னுரித்தும்

கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் தம்பலகாமத்து வயல்களின் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஆயின், வயலுக்குரியவர் கண்மூடிய பின் அதனை ஆள்பவர் யார், எவ்வளவு காலம் ஆள்வார், அவருக்குப் பின் அது யாரைச் சேரும் என்னும் வினாக்களைப் பிணக்கு மூண்ட பின்னரே எண்ணிப் பார்க்கின்றோம். எமது கல்லூரியின் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமாரும் காணி அலுவலர்களும் உளர். நாளை குடும்பப் பொறுப்பேற்கும் மாணவரும் இம்மலரை வாசிப்பர். ஆதலின் இப்பொருளை ஈண்டு எடுத்துரைத்தல் பொருந்தும்.

மகளுக்கு விவாகஞ் செய்து வைக்கும் தந்தை, வளவையும் வயலையும் நன்கொடை உறுதியாக எழுதி, தமக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்வது எம்மவரிடையே உள்ள வழக்கம். அவ்வாறு எழுதியதும் ஒரே காணியில் இரண்டு உரித்துகள் தோன்றுகின்றன. சீவிய உரித்துடையவர் தாம் உள்ளவரை அங்கு குடியிருக்கலாம், விளைவை அனுபவிக்கலாம், தமது ஆயுட்காலத்துக்குக் குத்தகைக்கும் கொடுக்கலாம். காணியை விற்கவோ அதன் தன்மையை அழிக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. மகள் உடைமையாளர், ஆயினும் பெற்றோர் உள்ளவரை அவர்களை வெளியேற்ற இயலாது. இது உரோமன் டச்சுச் சட்டத்தின் நெறி. தலைமுறைதோறும் காணியைக் கட்டிவைத்த ‘பிடெய்கொமிசம்’ என்னும் ஏற்பாட்டை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்தது. சீவிய உரித்து அதனோடு ஒழியவில்லை.

இந்நெறியில் ஓர் இடர் உண்டு. பெரும்போகத்துக்குக் கடன்பட்டு விதைத்த தாய் அறுவடைக்கு முன் இறப்பாராயின், அறுக்கப்படாத பயிர் காணியோடு உடைமையாளரைச் சேரும். கடனோ தாயின் மரணச் சொத்தின் மேல் நிற்கும். பயிர் ஒரு பிள்ளைக்கு, கடன் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றாகிவிடும். உடன்பிறந்தார் பகைக்க இதுவே போதும்.

அரச காணியின் நிலை வேறு. தேசவழமைக்கு உட்படாத தமிழ்க் குடும்பத்திலே கணவன் மரணசாதனம் எழுதாது இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவனது சொத்தில் அரைப்பங்கு மனைவிக்கு முழு உரித்தாகும். அயலிலுள்ள குடியேற்றத் திட்டத்துக் காணிக்கோ 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உரியது. அங்கே, பின்னுரித்தாளராக நியமிக்கப்படாத மனைவி தன் சீவியத்துக்கே காணியை ஆள்வாள். விற்கவோ தனக்குப் பின்னுரித்தாளரை நியமிக்கவோ அவளுக்கு அதிகாரம் அளிக்கப்படவில்லை. மறுமணம் புரிந்தால் அவ்வுரித்தும் நீங்கும் என்று விதி எழுதப்பட்டது. ஒரே குளத்து நீரில் விளைவு செய்யும் இரு கைம்பெண்களுக்கு இரு வேறு நீதி!

மறுமண நிபந்தனை இல்லாவிடின் காணி பிறர் குடும்பத்துக்குப் போய்விடும் என்பர் சிலர். இவ்வாதம் நிலைபெறாது. அவள் காணியை விற்கவியலாது. அவளுக்குப் பின் அது பின்னுரித்தாளருக்கே சேரும். பிள்ளைகளின் உரித்தைக் காக்க அதுவே போதும். மேலதிகமாக விதிக்கப்பட்ட நிபந்தனை, கணவனோடு காடு வெட்டி வரம்பு கட்டிய பெண்ணைத் தண்டிப்பதன்றிப் பிறிதொன்றும் செய்யாது. ஆண்மக்களை முன்வைத்த வாரிசு ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றப்பட்டது. அந்நியாயம் நீங்கியவாறே இதற்கும் இடமிருத்தலாகாது என்பது எமது துணிபு.

சட்டம் செய்ய வேண்டியது இது; நாம் செய்யக்கூடியதும் உண்டு. அனுமதிப்பத்திரமோ அளிப்போ உடையவர் உயிரோடிருக்கும்போதே பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்க. சீவிய உரித்தை ஒதுக்கி உறுதி முடிப்போர், கூரையையும் வரம்பையும் திருத்துபவர் யார், பயன்மரங்களைத் தறிக்க யாருடைய சம்மதம் வேண்டும், நிற்கும் பயிரும் அதற்குப் பட்ட கடனும் யாரைச் சேரும் என்னும் மூன்றையும் தெளிவுற எழுதுவிக்க. நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகள் கையொப்பமிடுமுன், பிள்ளைகள் அனைவரும் கேட்க அதனை ஒருமுறை வாசிப்பிக்க. சீவிய உரித்துடையவர் பின்வருவோரின் தருமகர்த்தாவைப் போலக் காணியைப் பேணுதல் வேண்டும். பின்வருவோர் முன்னிருப்பவரின் மரணத்தை எதிர்பார்த்து நிற்றல் தகாது. இவ்விரு கடமைகளையும் உறுதியில் எழுதிவைக்கும் குடும்பத்தில் வயலும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.