படம்போல் தெரியும், நிரலாக இயங்கும்: வாட்ஸ்அப் கோப்புகளில் உள்ள சிக்கல்

பிச்சாட்டூர்: ஆந்திர அரசு 2025 ஜனவரி 30-ஆம் தேதி தொடங்கிய 'மன மித்ர' திட்டம், முதற்கட்டமாக 161 சேவைகளை வாட்ஸ்அப் வழியே வழங்கியது. 2022-இல் சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய, தமிழக எல்லையோரப் பிச்சாட்டூர் போன்ற ஊர்களில் அலுவலக அலைச்சலை இது குறைக்கக்கூடும். ஆனால், அரசு சேவை கிடைக்கும் அதே செயலியில்தான் மோசடிக் கோப்புகளும் வருகின்றன. வந்திருப்பது படமா, ஆவணமா, செயலியா என்பதைக் கருவி எவ்வாறு தீர்மானிக்கிறது என்ற கேள்வி இதனால் சாமானியருக்கும் உரியதாகிறது.

கோப்பின் வகையை அறியப் பொதுவாக இரண்டு அடையாளங்கள் உள்ளன. ஒன்று, பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் நீட்டிப்பு. விண்டோஸ் பெரும்பாலும் இதையே நம்புகிறது. மற்றொன்று, கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகள். ஜிஐஎஃப் படத்தின் முதல் மூன்று எழுத்துகள் அதன் பெயரேதான். பிஎன்ஜி படத்துக்கு 8 பைட் நீள முத்திரை உண்டு. லினக்ஸில் உள்ள 'ஃபைல்' கட்டளை இத்தகைய முத்திரைகளைப் படித்தே வகையைச் சொல்கிறது. பெயரை எவரும் நொடியில் மாற்றலாம். அதனால் உள்ளடக்கம் மாறுவதில்லை. ஐபோனின் ஹெச்இஐசி படத்துக்கு ஜேபிஜி என்று பெயரிட்டு விண்ணப்பத்தில் இணைத்தால், உள்ளடக்கத்தைச் சோதிக்கும் தளம் அதை நிராகரிப்பது இதனால்தான்.

இவ்விரு அடையாளங்களும் முரண்படும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. விண்டோஸுக்கான வாட்ஸ்அப் செயலியில் அத்தகைய குறைபாடு ஒன்று இருந்தது 2025 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. 2.2450.6-க்கு முந்தைய பதிப்புகள், இணைப்பைத் திரையில் காட்டும்போது அதனுடன் அனுப்பப்பட்ட 'மைம்' வகைக் குறிப்பைப் பின்பற்றின. திறக்கும்போதோ பெயரின் நீட்டிப்பைப் பின்பற்றின. எனவே படமாகத் தெரிந்த ஒன்று, சொடுக்கியதும் நிரலாக இயங்க வாய்ப்பிருந்தது. இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பும் இதுகுறித்து எச்சரித்தது.

இது புதிய தந்திரமன்று. 2000 மே மாதம் உலகைக் கலங்கடித்த 'ஐ லவ் யூ' வைரஸ், டிஎக்ஸ்டி, விபிஎஸ் என இரட்டை நீட்டிப்புடன் வந்தது. விண்டோஸ் இறுதி நீட்டிப்பை மறைத்ததால், பலர் அதைச் சாதாரணக் கடிதமென நம்பித் திறந்தனர். கால் நூற்றாண்டு கழிந்தும், அறிந்த நீட்டிப்புகளை மறைப்பதே விண்டோஸின் இயல்பு அமைப்பாகத் தொடர்கிறது. இதை நியாயப்படுத்துவது கடினம்.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் பரவும் ஏபிகே கோப்புகளுக்கோ இத்தனை வேடம்கூடத் தேவைப்படுவதில்லை. ஏபிகே என்பது அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பு. ஜிப் வடிவத்தை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகளான 'பிகே' என்றே தொடங்கும். இன்றைய வேர்டு ஆவணமும் அவ்வாறே தொடங்குவதால், முத்திரையை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. உள்ளே மேலும் பார்க்க வேண்டும். ஆனால் அழைப்பிதழைத் திறக்கச் செயலி நிறுவும் அனுமதி தேவையில்லை. ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கும் நொடியே பயனருக்குக் கிடைக்கும் கடைசித் தடுப்பு. அதையும் கடந்து பணம் இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.